வார்டியைக் காட்டி வாயடைக்க வேண்டாம்

"திறமை இருந்தால் எங்கே கிடந்தாலும் மேலே வந்தே தீருவான்." கால்பந்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் கடைசியில் இந்த வாக்கியத்தில்தான் வந்து நிற்கிறார்கள். கூடவே ஜேமி வார்டியையும் அழைத்து வருவார்கள். பதினாறு வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே வேண்டாம் என்று அனுப்பிய பையன்; ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடியவன்; பகலில் தொழிற்சாலை வேலை; 2016-ல் லெஸ்டர் சிட்டியோடு பிரீமியர் லீக் கோப்பை. அரங்கம் கைதட்டும். வார்டியின் கதை முழுக்க உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பொய். மூன்றாம், நான்காம் பிரிவில் இருபது வருடம் உழைத்த தடுப்பாட்டக்காரர்கள் அத்தனை பேரையும் தேறாதவர்கள் என்று முத்திரை குத்தும் பொய் அது.

வார்டி எந்த இடத்தில் ஆடினார் என்பதை யாரும் சொல்வதில்லை. அவர் ஃபார்வர்ட். கோல் என்பது எண்ணிக்கையில் நிற்கும். ஃபிளீட்வுட்டில் ஒரே சீசனில் 31 லீக் கோல் அடித்தார். 2012-ல் லெஸ்டர் பத்து லட்சம் பவுண்டு கொடுத்து அழைத்துக்கொண்டது. லெஃப்ட் பேக்கின் நல்ல வேலைக்கு அப்படி ஒரு எண் கிடையாது. எதிரணி விங்கர் உள்ளே வெட்டப்போகிறார் என்று முன்பே தெரிந்து, லெஃப்ட் பேக் இரண்டு அடி தள்ளி நின்றுகொள்வார். வழி அடைபட்டதும் விங்கர் பந்தைப் பின்னால் தட்டிவிடுவார். பார்ப்பவர் கண்ணுக்கு அங்கே எதுவுமே நடக்கவில்லை. நடக்காமல் போன கோலை எந்தச் செய்தித்தாளும் போடாது.

இடக் கணக்கையும் பார்க்கலாம். பிரீமியர் லீக்கில் 20 கிளப், அதற்குக் கீழே மூன்று பிரிவுகளில் 72 கிளப். ஆக, 92 பேர் லெஃப்ட் பேக்காக இறங்கும் நாளில் உச்சியில் இருபது பேருக்குத்தான் இடம். அந்த இருபதுக்கும் உலகம் முழுவதிலிருந்தும் ஆள் தேடுகிறார்கள்.

கிரஹாம் அலெக்சாண்டர் ஒருவரே அந்த மேடை வாக்கியத்துக்குப் போதுமான பதில். 1990-களின் தொடக்கத்தில் ஸ்கன்தார்ப்பில், அதாவது நான்காம் அடுக்கில், ஆட வந்தார். பிறகு லூட்டன், அதன்பின் பிரஸ்டன். பெரும்பாலான வருடங்கள் ரைட் பேக். பிரஸ்டன் 2001-லும் 2005-லும் பிளே-ஆஃப் இறுதியில் தோற்றது. இரண்டு முறையும் உச்சப் பிரிவின் வாசல் வரை போய்த் திரும்பியது. 2007-ல் அவர் பர்ன்லிக்குப் போனார். 2009-ல் வெம்ப்ளியில் பர்ன்லி ஷெஃபீல்ட் யுனைடெட்டை 1-0 என்று வென்று மேலே ஏறியது. அந்த ஆகஸ்டில் பிரீமியர் லீக்கில் முதல்முறையாகக் கால் வைத்தபோது அலெக்சாண்டருக்கு வயது 37. நான்கே நாளில், நடப்புச் சாம்பியனான மான்செஸ்டர் யுனைடெட்டை டர்ஃப் மூரில் 1-0 என்று வீழ்த்திய பர்ன்லி அணியில் அவர் இருந்தார்.

மேடைப் பேச்சாளர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். 36 வயது வரை அலெக்சாண்டரிடம் திறமை இல்லாமல் இருந்து, 37-ல் திடீரென்று வந்ததா? முப்பது வயதில் ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு அழைக்கப்பட்டு 40 சர்வதேசப் போட்டிகள் ஆடினாரே, அப்போதும் அவர் இரண்டாம் பிரிவுக்காரர்தான். மனிதர் மாறவில்லை, கால் மாறவில்லை. ஏறியது கிளப். வெம்ப்ளியில் அந்த ஒரு கோல் விழாமல் போயிருந்தால், அதே கால்களை வைத்துக்கொண்டே "மேலே வர முடியாதவர்" பட்டியலில் அவர் பெயரும் சேர்ந்திருக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட போட்டிகள் ஆடிய அவர், பிரஸ்டனுக்கே திரும்பி வந்து, 2012 ஏப்ரலில் தன் கடைசி ஆட்டத்தில் சார்ல்டனுக்கு எதிராக இறங்கினார். அப்போது வயது 40. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஃப்ரீ கிக். பந்தை வைத்தார், அடித்தார், வலைக்குள் போனது, ஆட்டம் 2-2. அது மூன்றாம் பிரிவு ஆட்டம்.

கீழ்ப் பிரிவில் பந்தைத் தூக்கி அடிப்பார்களே தவிர ஆடத் தெரியாது என்றும் சொல்வார்கள். 2014 ஆகஸ்டில் மூன்றாம் பிரிவு அணியான எம்.கே. டான்ஸ், லீக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று தோற்கடித்தது. அது போதும்.

"எந்தப் பிரிவானாலும் கைநிறையக் காசுதானே" என்பது அடுத்தது. 1885-ல் தொடங்கி இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்ற கிளப் பெரி. 2019-ல் சம்பளம் நிலுவையில் இருக்கும்போதே அதன் ஆட்டக்காரர்கள் மூன்றாம் பிரிவுக்கு ஏறிக் காட்டினார்கள். ஆகஸ்ட் 27 அன்று கிளப் லீக்கைவிட்டே நீக்கப்பட்டது. வெற்றிபெற்ற அணியே கலைந்தது. பெரியைப் போலக் கிளப் கவிழாத ஊர்களிலும் நிலைமை நிம்மதியானது அல்ல. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. மே மாதம் கிளப் யாரை வைத்துக்கொள்கிறது, யாரை விடுகிறது என்ற பட்டியல் வரும். ஜூன் 30-ஓடு ஒப்பந்தம் முடிந்துவிடும். வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான்.

உடம்பு கொடுக்கும் விலையை எந்த மேடையும் சொல்வதில்லை. கார்னர் கிக் பறந்துவரும்போது முதலில் எழும்பும் தலை தடுப்பாட்டக்காரருடையது. போட்டியில் மட்டுமல்ல, பயிற்சியிலும் அப்படித்தான். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் பதிவுகளை கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டது. மறதிநோய் போன்ற மூளைச் சிதைவு நோய்களால் அவர்கள் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. 2021-ல் ஆடும் இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். கோல்கீப்பர்களுக்கு இந்நோய்கள் வரும் ஆபத்து ஏறக்குறைய பொதுமக்கள் அளவில்தான் இருந்தது. தடுப்பாட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு. எத்தனையாவது பிரிவில் ஆடுகிறார் என்று கேட்டுவிட்டு எந்தப் பந்தும் ஒருவர் தலையில் மோதுவதில்லை.

மேடையில் யாரும் அழைத்து வராத இன்னொருவர், ஸ்விண்டன் டவுனின் லெஃப்ட் பேக் ஜான் டிரோலோப். மூன்றாம் பிரிவில் இருந்தபடியே 1969 லீக் கோப்பை இறுதியில் ஆர்சனலை 3-1 என்று வென்ற அணியில் ஆடியவர். 1960-லிருந்து 1980 வரை அந்த ஒரே கிளப்புக்கு 770 லீக் ஆட்டங்கள். இங்கிலாந்து லீக்கில் ஒரே கிளப்புக்கு அதைவிட அதிகம் ஆடியவர் நாற்பது வருடங்களுக்கும் மேலாக யாரும் இல்லை. 2023 டிசம்பரில்தான் அந்தச் சாதனை முறிந்தது. முறித்தவர் எம்.கே. டான்ஸின் டீன் லூயிங்டன். மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று வீழ்த்திய அந்த அணியின் கேப்டன். சாதனையை முறித்தபோது அவருக்கு வயது 39, கிளப் நான்காம் அடுக்கில் இருந்தது. அவரும் லெஃப்ட் பேக்.