சக்கரம் ஓய்ந்த பின்

கதிர்காம யாத்திரைக் காலத்தில் ஈச்சிலம்பற்றுத் தெருவோரத்தில் நின்றால், காவி வேட்டிகளையும் மூட்டை முடிச்சுகளையும் காணலாம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டவர்கள், திருகோணமலையையும் மூதூரையும் கடந்து, வெருகல் சித்திரவேலாயுதர் சந்நிதியை நோக்கி நடக்கிறார்கள். எழுபதைத் தாண்டிய ஒருவருடன் மரநிழலில் நாம் பேச்சுக் கொடுத்தோம்.

"வீடு எங்கே ஐயா?"

"வீடு கிடக்கட்டும் தம்பி. போற இடமெல்லாம் மடம் இருக்கு, கஞ்சி இருக்கு. நாளைக்குக் கால் மடங்கினா ஆர் பாக்கிறது? அதுதான் யோசனை."

இதே கேள்வியைக் கேட்கிறவர்கள் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள் என்றால் வாசகர் வியப்படையக்கூடும். அவர்கள் நடப்பவர்களல்லர். வேலையிலிருந்து இளைப்பாறியதும் வீட்டை விற்று, கட்டிலும் அடுப்பும் குளியலறையும் கொண்ட பெரிய மோட்டார் வண்டியொன்றை வாங்கி, அதிலேயே குடியிருந்து நாடு சுற்றுகிறார்கள். கோடையில் வடக்கு, பனிக்காலத்தில் தெற்கு. எல்லோரும் உல்லாசப் பிரயாணிகள் என்று எண்ணிவிடலாகாது. 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டை இழந்து, வாடகை கட்ட வழியின்றி வண்டியேறியவர்களும் உண்டு. எப்படி ஏறினாலென்ன? ஒருநாள் கண் மங்கும், கை நடுங்கும். அன்றைக்கு வண்டியை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போங்கள் என்றால், பணமும் போதாது, மனமும் இடந்தராது.

இவ்வண்டிவாசிகளுக்காக 1978இல் ஜோ பீற்றர்சன், கே பீற்றர்சன் என்னும் தம்பதியர் 'எஸ்கேப்பீஸ்' என்றொரு சங்கத்தை ஆரம்பித்தனர். அதன் தலைமையிடமாகிய டெக்சாஸ் மாநிலத்து லிவிங்ஸ்டனில், ஓட்ட இயலாது போனவர்களுக்கெனப் பின்னர் ஒரு நிலையத்தையும் அமைத்தார்கள். ஏற்பாடு எளியது. முதியவர் தம் வண்டியையே அங்கே கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளலாம். பல்லாண்டு உறங்கிய அதே கட்டில், அதே யன்னல். பூட்டும் திறப்பும் அவருடையவையே. சாப்பாட்டுக் கூடந்தான் பொது. வேளைக்கு உணவு, துணி வெளுத்தல், வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வாகனம் ஆகியன மாதக் கட்டணத்துள் அடங்கின. கை கொடுத்தவர்களுட் பலர் சம்பளக்காரரல்லர். இன்னும் ஓட்ட வல்ல ஏனைய பிரயாணிகள் சில வாரங்கள் தங்கித் தொண்டு செய்துவிட்டுப் போவார்கள். இன்று பரிமாறுகிறவர் நாளை பந்தியில் அமரக்கூடியவரன்றோ! படுத்த படுக்கையாகிவிட்டால் அவ்விடம் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது மருத்துவமனையன்று.

வலுவிருக்கும்போதே இடம் தேடிக்கொள்பவர்களுக்கு அச்சங்கத்தார் வழிவந்த கூட்டுறவு வண்டித் தரிப்பிடங்களும் உள்ளன. அரிசோனாவின் பென்சனில் ஒன்று, கலிபோர்னியாவின் அகுவாங்காவில் ஒன்று. உறுப்பினர் ஒரு தொகை கட்டி இடம் பெறுகிறார்; காணி சங்கத்தினுடையது; இலாபம் எவருக்குமில்லை. ஊர் சுற்றப் போனால், திரும்பி வரும்வரை அவ்விடத்தில் இன்னொருவர் தங்கலாம்.

ஈச்சிலம்பற்றாருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். 2006இலும் 2007இன் தொடக்கத்திலும் ஷெல் வீச்சுக்கு அஞ்சி வாகரைக்கும் பின் மட்டக்களப்புக்கும் ஓடி, தறப்பாளின் கீழ்க் கிடந்தவர்கள், வீட்டைத் தாமே விற்றுவிட்டுப் புறப்படுகிறவரை எங்ஙனம் விளங்கிக்கொள்வர்? நியாயந்தான். ஆயினும், அக்கூடாரங்களில் முதியோர் பட்ட அவதியை அவர்களைவிட அறிந்தவர் யார்? சோறு கிடைத்தாலும், சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடையாது.

நம் கோவில் மடங்களிலும் அதே குறைதான். அடுப்பு உண்டு, கிணறு உண்டு, படுக்கத் திண்ணை உண்டு. ஓரிரவுக்கு அது போதும். ஓய்ந்த காலத்துக்குப் போதாது. மடத்தின் பின்புறத்தில் கதவுள்ள சிறு அறைகள் நான்கைந்து எழுப்பினால் என்ன? சமையல் ஒன்றாகவே நடக்கலாம். திருவிழாவில் அன்னதானத்துக்கு அகப்பை பிடிக்கும் இளைஞர்கள், முறைவைத்து வாரம் ஒருவர் வந்து எட்டிப் பார்க்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போக ஓர் ஓட்டோ வேண்டும். கட்டணமும் வேண்டும், சிறிதாயினும். தானமாக மட்டும் கிடைத்த அறையில் முதியவர் வாய் திறந்து குறை சொல்லத் தயங்குவார்.

அந்த ஐயா வெருகல் வழியே எழுந்து நடந்துவிட்டார். அடுத்த யாத்திரையில் அவரைக் கண்டால், அப்படியோர் அறைக்கு மாதம் எவ்வளவு கொடுக்க இயலும் என்று கேட்க எண்ணியிருக்கிறோம்.