காவல்காரனின் கடன்

கடைக்காரன் எடையில் ஏமாற்றினால் அது கடைக்காரன் குற்றம். ஆனால், எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்துவதற்கென்றே சம்பளம் வாங்குகிற சர்க்கார் உத்தியோகஸ்தர், பத்து வருஷம் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தி வந்திருந்தால்? முத்திரையை நம்பிச் சாமான் வாங்கியவனைப் பார்த்து, "நீ ஏன் ஐயா நம்பினாய்?" என்று கேட்பது என்ன நியாயம்? இங்கிலாந்தில் 'ஈக்விடபிள் லைஃப்' என்ற இன்ஷூரன்ஸ் சங்கத்தில் முதுமைக் காலத்துக்கென்று பணம் கட்டிய ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு நேர்ந்தது இதுதான்.

அது நேற்று முளைத்த கம்பெனி அல்ல. 1762-ல் லண்டனில் தோன்றியது. அதற்குப் பங்குதாரர்கள் கிடையாது, அங்கத்தினர்களே சொந்தக்காரர்கள். தரகர்களுக்குக் கமிஷன் கொடுப்பதில்லை என்பதில் அதற்கு ஒரு பெருமை. 1957 முதல் 1988 வரை அது விற்ற பாலிசிகள் பலவற்றில், ஓய்வு பெறும்போது வருஷந்தோறும் இன்ன விகிதத்துக்குக் குறையாமல் பென்ஷன் தருவோம் என்று வாக்குக் கொடுத்திருந்தது. 1990-களில் வட்டி விகிதம் இறங்கியபோது அந்த வாக்கே தலைக்கு மேல் பாரமாயிற்று. அதற்கென்று போதிய பணம் ஒதுக்கி வைக்காத சங்கம், வாக்கை நிறைவேற்றக் கேட்டவர்களுக்கு இறுதி போனஸைக் குறைத்தது. அது செல்லாது என்று 2000 ஜூலையில் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. சங்கத்தை விலைக்கு வாங்க ஆள் தேடினார்கள், அகப்படவில்லை. அவ்வருஷம் டிசம்பர் 8-ந் தேதி புது வியாபாரம் நின்றது. 2001 ஜூலையில் பாலிசிகளின் மதிப்பு 16 சதவிகிதம் வெட்டப்பட்டது.

கதை எழுதுகிறவனுக்கு இந்த விவகாரத்தில் ஒரு சங்கடம் உண்டு. வில்லன் அகப்படுவதில்லை! பெட்டியை உடைத்துக்கொண்டு ஓடியவன் எவனும் இல்லை. வருஷா வருஷம் கணக்கு வந்தது. அதைப் பரிசோதிக்க வேண்டிய இலாகாக்கள் வாங்கி வைத்துக்கொண்டன. இலாகா மாறியது, அதிகாரி மாறினார், பைல் மாத்திரம் மாறவில்லை. இப்படி எல்லோரும் சேர்ந்து செய்த பாவத்துக்கு ஒருவரும் பொறுப்பில்லை என்று முடித்துவிடலாமா? அங்கேதான் சர்க்கார் என்ற நிரந்தரமான ஆசாமி முன்னுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும்.

இது என் கற்பனை அல்ல. ஜனங்களின் குறைகளை விசாரிக்கிற பார்லிமெண்ட் ஆம்புட்ஸ்மன் ஆன் ஆபிரகாம் அம்மையார், 2008 ஜூலையில் விரிவான அறிக்கை கொடுத்தார். கண்காணிப்பில் பத்து நிர்வாகச் சீர்கேடுகளை எடுத்துக் காட்டினார். நஷ்ட ஈடு கொடுக்க ஒரு திட்டம் வேண்டும் என்றார். 2009 ஜனவரியில் சர்க்கார் மன்னிப்புக் கேட்டது. ஆனால் அறிக்கை முழுவதையும் ஏற்கவில்லை. பாலிசிதாரர்களின் போராட்டக் குழு கோர்ட்டுக்குப் போயிற்று. 2010 தேர்தலுக்கு முன் அபேட்சகர்களிடம் நியாயம் வழங்குவதாக உறுதிமொழி வாங்கிற்று. அந்த அக்டோபரில் புதிய நிதி மந்திரி ஜார்ஜ் ஆஸ்போர்ன் கணக்குச் சொன்னார்: நஷ்டம் சுமார் 430 கோடி பவுன், கொடுக்கப் போவது 150 கோடி. 1992 செப்டம்பருக்குப் பிறகு வருடாந்திர பென்ஷன் வாங்கிய ஒரு பகுதியாருக்கு முழு ஈடு. மற்றவர்களுக்கு 22.4 சதவிகிதம். யானைப் பசிக்குச் சோளப்பொரி!

"பொக்கிஷத்தில் பணம் இல்லை" என்பது சர்க்காரின் வாதம். பொதுப் பணத்தின் நிலையையும் கவனிக்கலாம் என்று ஆம்புட்ஸ்மனே சொல்லியிருந்தார், மறைக்கவில்லை. பாலிசியே எடுக்காத ஏழை வரி கொடுப்பவன் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பதிலும் அர்த்தம் உண்டு. ஆனால் கவனிப்பது வேறு, நூற்றுக்கு எழுபத்தேழை விழுங்கிவிடுவது வேறு. அதே 2008-ம் வருஷம் அக்டோபரில், மூன்று பெரிய பாங்குகளைத் தூக்கி நிறுத்த 3,700 கோடி பவுனுக்கு வழி பிறந்தது. அந்நிய நாடான ஐஸ்லாந்தின் பாங்கு ஒன்று முறிந்தபோது, அதில் பணம் போட்டிருந்த பிரிட்டிஷ்காரர்களுக்குச் சட்ட வரம்பையும் தாண்டி முழுத் தொகையும் கிடைத்தது. பாங்கு சரிந்தால் ராஜ்யமே ஆடும்; கிழவர்கள் சரிந்தால் நாற்காலி கூட ஆடாது. வித்தியாசம் பணத்தில் இல்லை, பயத்தில்தான் இருக்கிறது.

எல்லோரிலும் மூத்தவர்களின் கதி இன்னும் மோசம். 1992 செப்டம்பர் 1-ந் தேதிக்கு முன் பென்ஷன் வாங்கத் தொடங்கியவர்களுக்குத் திட்டத்தில் இடமே இல்லை. 2013 பட்ஜெட்டில்தான் மனம் இரங்கி, தலைக்கு 5,000 பவுன் கொடுத்தார்கள். மிக வறியவர்களுக்கு இன்னும் ஓர் 5,000. அதற்குப் பெயர் கருணைத் தொகை. காவல்காரன் தூங்கியதால் போன பொருளுக்கு ஈடு கேட்டவனைப் பிச்சைக்காரனாக்குகிற சாமர்த்தியம் அந்தப் பெயரில் இருக்கிறது.

2015 முடிவில் புதிய மனுக்களுக்குக் கதவு சாத்தியாயிற்று. 2020 ஜனவரியில் பாலிசிகள் வேறொரு கம்பெனிக்குப் போயின. கதவைச் சாத்தினால் கடன் தீர்ந்துவிடாது. நஷ்டத்தின் தொகையைச் சொன்னது பாலிசிதாரர்கள் அல்ல, சர்க்காரேதான். தன் கையால் எழுதிய கடன் பத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு சுமாராகக் கொடுத்துவிட்டு, "பைசலாகிவிட்டது" என்று சொல்ல ஒரு தனி மனிதனுக்கு எந்தக் கோர்ட்டும் இடம் தராது. மீதியை ஒரே நாளில் கொடுக்க முடியாவிட்டால் தவணையில் கொடுக்கட்டும். பாலிசிதாரர்கள் மட்டும் தவணை தவறாமல் கட்டினார்கள் அல்லவா?