இழுத்துப் பாருங்கள்... யானை தும்பிக்கை தூக்கும்!



உங்களுக்கு ஒரு வாழ்த்து அட்டை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் ஒரு யானைப் படம். பார்ப்பீர்கள், "நல்லா இருக்கு" என்பீர்கள், மேசையில் வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவீர்கள். சரிதானே?

அதே அட்டையின் அடிப்பக்கத்தில் நாக்கு போல ஒரு சின்னக் காகிதத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தால்? கை சும்மா இருக்காது. பிடித்து இழுப்பீர்கள். யானை மெல்லத் தும்பிக்கையைத் தூக்கும். இத்தனை நேரம் தும்பிக்கை மறைத்திருந்த இடத்தில் ஒரு குட்டி எலி உட்கார்ந்து உங்களைப் பார்த்துச் சிரிக்கும்! இப்போது மேசையில் வைக்க மனம் வருமா? பத்துத் தடவை இழுத்துப் பார்ப்பீர்கள். அம்மாவைக் கூப்பிடுவீர்கள். தம்பி வந்து பிடுங்குவான்.

இரண்டு அட்டைக்கும் என்ன வித்தியாசம்? முதல் அட்டை எல்லாவற்றையும் தானே காட்டிவிட்டது. இரண்டாவது அட்டை கொஞ்சத்தை ஒளித்துவைத்து, அதைக் கண்டுபிடிக்கும் வேலையை உங்கள் விரலுக்குக் கொடுத்தது. அசையும் அட்டை செய்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான். அட்டையில் பாதி வேலை நம்முடையது. மீதி வேலை அதை வாங்குகிறவருடையது.

இந்த வித்தை இன்று நேற்று வந்ததல்ல. ஆரம்பத்தில் இது குழந்தைகளுக்கானதாகவும் இல்லை. ஜெர்மானிய வானியல் அறிஞர் பீட்டர் அப்பியான் 1540-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதில் காகிதச் சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியிருந்தார். அவற்றைச் சுழற்றினால், எந்தக் கிரகம் எங்கே இருக்கும் என்று கணக்கிட முடியும். காகிதத்திலேயே ஒரு கணக்குப் பொறி!

மூன்று ஆண்டுகள் கழித்து, 1543-ல், உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் மாணவர்களுக்காக ஒரு நூல் வெளியிட்டார. அதில் உடல் உறுப்புகளின் படங்கள் தனித்தனியாக இருந்தன. அவற்றை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மனித உடலின் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தூக்கித் தூக்கிப் பார்க்கலாம்.

குழந்தைகளுக்கு இந்த மகிழ்ச்சி கிடைக்க இன்னும் 200 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1760-களில் லண்டனில் ராபர்ட் சேயர் என்ற பதிப்பாளர், மேலும் கீழும் திறக்கும் மடிப்புகள் கொண்ட கதைத் தாள்களை விற்றார். மேல் மடிப்பைத் தூக்கினால் படத்தின் பாதி மாறும். கீழ் மடிப்பைத் திறந்தால் மீதியும் மாறி, கதை அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

ஒளிந்திருக்கும் படத்தை வைத்து ஊரின் தோற்றத்தையே மாற்றிய ஒருவரும் உண்டு. ஹம்ப்ரி ரெப்டன் என்று பெயர். 1752 முதல் 1818 வரை இங்கிலாந்தில் வாழ்ந்தவர். பெரிய வீடுகளுக்குத் தோட்டம் அமைத்துத் தருவது அவர் தொழில். "இங்கே குளம் வரும், அங்கே மரங்கள் வரும்" என்று வாயால் சொன்னால் யாருக்குப் புரியும்? அதனால் அவர் ஒரு வேலை செய்தார். அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே வரைந்தார். படத்தின் ஒரு பகுதியைத் தனித் தாளில் வரைந்து மூடி போல ஒட்டினார். மூடியைத் தூக்கினால், அதே இடம் அவர் கைபட்ட பிறகு எப்படி இருக்கும் என்பது தெரியும்! சிவப்புத் தோல் அட்டை போட்டு அவர் தந்த இந்தப் புத்தகங்களைச் 'சிவப்புப் புத்தகங்கள்' என்றே சொல்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் தெருமுனையில் குப்பை குவிந்திருக்கிறதா? அதை அப்படியே வரையுங்கள். மூடியைத் தூக்கினால் அங்கே ஒரு வேப்பமரமும் அதன் நிழலில் ஒரு பெஞ்சும் இருக்கட்டும். அந்த அட்டையை உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுத்துப் பாருங்களேன். நீளமான மனுவைவிடச் சீக்கிரம் அவருக்குப் புரியலாம்.

அசையும் படம் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டிய பெயர் லோத்தார் மெக்கெண்டோர்ஃபர். ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்காரர். 1847-ல் பிறந்து 1925-ல் மறைந்தவர். பத்திரிகைகளுக்குக் கேலிச் சித்திரம் வரைந்துகொண்டிருந்தவர், தம் மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக அசையும் படப் புத்தகம் ஒன்றைச் செய்தார். அது அச்சேறிப் பெரும் வரவேற்பைப் பெற்றது.

அவர் புத்தகத்தில் ஒரே ஒரு நாக்கை இழுத்தால், படத்தில் நான்கைந்து இடங்கள் ஒரே நேரத்தில் அசையும். ஒருவர் கை தூக்குவார், கண் உருளும், வாய் திறக்கும். எப்படி? பக்கத்தின் பின்னால் காகித நெம்புகோல்கள் வரிசையாக ஒளிந்திருக்கும். அவற்றை இணைப்பதற்கு மெல்லிய செம்புக் கம்பியைச் சின்னஞ்சிறு சுருளாகச் சுற்றிப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு சுருளும் கையால் செய்தது. படிக்கிற பிள்ளைகள் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால், அந்தப் பக்கம் உயிரோடு இருந்ததற்குக் காரணம், யார் கண்ணிலும் படாத பின்பக்கத்து வேலை!

நாமும் ஒன்று செய்து பார்ப்போமா? கடைக்கு ஓட வேண்டாம். பரணில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுங்கள். அந்த அட்டை இதற்கென்றே செய்தது போல இருக்கும். கத்தரிக்கோல், ஊசி, நூல், பசை, அளவுகோல் போதும். பிளவு வெட்டப் பிளேடு தேவைப்பட்டால், அந்த வேலை மட்டும் பெரியவர்களுடையது.

யானை முகத்தை இடப்பக்கம் பார்த்தபடி வரையுங்கள். தும்பிக்கையை மட்டும் வரையாதீர்கள். அதைத் தனி அட்டையில் 7 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். தும்பிக்கை முளைக்கும் இடத்தில், அது மேலும் கீழும் ஆடும் அளவுக்கு ஒரு செங்குத்தான பிளவு. தும்பிக்கையைப் பின்னாலிருந்து நுழைத்து முன்னால் கொண்டுவாருங்கள். அதன் அடிமுனையில் 1 செ.மீ. விட்டு, ஒரு தையல் போட்டு முன் அட்டையோடு இணையுங்கள். நூலை இறுக்கிவிடாதீர்கள், சுழல வேண்டும். மிச்சமிருக்கும் அந்த 1 செ.மீ. முனையில் நீளமான காகிதப் பட்டை ஒன்றை, இதுபோலவே தளர்வாக, நூலால் கட்டுங்கள். பட்டையின் மறுமுனை அட்டைக்குக் கீழே நீண்டிருக்கட்டும். அதுதான் நாக்கு.

இப்போது நாக்கைக் கீழே இழுத்தால் தும்பிக்கை மேலே போகும். பூங்காவில் ஏறி இறங்கி ஆடும் பலகை நினைவுக்கு வருகிறதா? அதே கணக்குத்தான். தையலின் ஒரு பக்கம் 1 செ.மீ., மறுபக்கம் 6 செ.மீ. அதனால் நாக்கை 1 செ.மீ. இழுத்தால் தும்பிக்கையின் நுனி ஏறக்குறைய 6 செ.மீ. நகரும்! அறிவியல் புத்தகத்தில் படித்த நெம்புகோல் உங்கள் கையில் யானையாகி நிற்கிறது.

நாக்கு இங்குமங்கும் போகாமலிருக்க, அதன்மேல் ஒரு சின்னக் காகிதப் பாலத்தைக் குறுக்கே ஒட்டுங்கள். முழுக்க உருவிக்கொண்டு வராமலிருக்க, பாலத்துக்கு மேலே நாக்கின்மீது அகலமான துண்டு ஒன்றை ஒட்டுங்கள். தும்பிக்கை மறைக்கும் இடத்தில் எலியையோ, நண்பனின் பெயரையோ வரையுங்கள். கடைசியாக, பின்னால் இன்னோர் அட்டையை வைத்து, நாக்கு வெளியே வரும் இடத்தை விட்டுவிட்டு, ஓரங்களில் மட்டும் பசை தடவி மூடிவிடுங்கள். ரகசியம் பத்திரம்!

நாக்கு மடங்கி மடங்கிப் போகிறதா? காகிதத்தில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அட்டையைக் குழாய் போல உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் எளிதாகச் சுருளும். இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். எளிதாகச் சுருளும்போது குழாய் எந்த வாக்கில் நீண்டிருக்கிறதோ, அந்த வாக்கில்தான் இழைகள் ஓடுகின்றன. நாக்கை அந்த நீளவாக்கில் வெட்டினால் விறைப்பாக நிற்கும்.

திறந்ததும் எழுந்து நிற்கும் அட்டை பிடிக்குமா? அதற்கும் ஒரு கணக்கு உண்டு. அட்டையை இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து உள்நோக்கி ஒரே நீளத்தில் இரண்டு வெட்டு வெட்டி, நடுவிலுள்ள பகுதியை உள்பக்கமாகத் தள்ளினால் ஒரு படி எழுந்து நிற்கும். அதன்மேல் படத்தை ஒட்டலாம். ஆனால், மூடும்போது அந்தப் படி வெட்டின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் போகும். பக்கத்தின் அகலம் 10 செ.மீ. என்றால், 4 செ.மீ. வெட்டு 8 செ.மீ. வரை போய் உள்ளேயே ஒளிந்துகொள்ளும். 6 செ.மீ. வெட்டினால் 12 செ.மீ. போய், மூடிய அட்டைக்கு வெளியே தலை நீட்டும். ஒளிந்து விளையாடுகிறவன் முந்தானைக்கு வெளியே காலை நீட்டிய கதைதான்!

கணக்கெல்லாம் சரி. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த அட்டை யாருக்கு?

பாட்டிக்கா? விரலில் பிடிமானம் குறைந்திருக்கும். நாக்கை அகலமாக வையுங்கள். லேசாக இழுத்தாலே நகர வேண்டும். எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். மூன்று வயதுத் தங்கைக்கா? அவள் நாக்கைப் பிய்த்துவிடுவாள். தூக்கிப் பார்க்கும் மூடி போதும். அதையும் கெட்டியான அட்டையில் செய்யுங்கள். கண் பார்வையில்லாத நண்பனுக்கா? தடவினால் தெரியும்படி, மூடிக்குள் மணலையோ பஞ்சையோ ஒட்டுங்கள். பார்த்தீர்களா? ஒரு காகிதத்தை வெட்டுவதற்கு முன்னால், இன்னொருவரின் கை எப்படி இருக்கும், கண் எப்படிப் பார்க்கும் என்று நாம் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய கடை அட்டைக்கு அந்த நினைப்பு கிடையாது. ஒரே நொடியில் நூறு பேருக்கு அனுப்பப்படும் செல்போன் வாழ்த்துக்கும் கிடையாது.

முன்பெல்லாம் பொங்கல் வந்தால், சிவகாசியில் அச்சான வாழ்த்து அட்டைகள் கடைத்தெருவெங்கும் தொங்கும். அப்பா, அம்மாவிடம் கேளுங்கள். யார் யாருக்கு எந்த அட்டை என்று தேடித் தேடி எடுத்ததைச் சொல்வார்கள். அந்தத் தேடலில் இருந்த அன்பை, நீங்கள் கையாலேயே செய்து கொண்டுவரலாம்.

ஒரு வார்த்தை அப்பா, அம்மாவுக்கும் ஆசிரியர்களுக்கும். 'புராஜெக்ட்' என்றதும் பெரியவர்களே செய்து கொடுத்துவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பசை வழிந்திருக்கட்டும், யானைக்குக் கண் கோணலாக இருக்கட்டும். தும்பிக்கை ஏன் பாதியில் நின்றுவிட்டது என்று குழந்தை பிரித்துப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடம்தான் உண்மையான படிப்பு. அதை அவர்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். மதிப்பெண் போடும் ஆசிரியர்கள், முன்பக்கத்து அழகுக்கு மட்டும் போடாமல், அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

குட்டீஸ்களே, முதல் அட்டை சரியாக அசையாது. இரண்டாவதும் ஒருவேளை அசையாது. அதனால், நல்ல அட்டையில் கை வைக்கும் முன் பழைய செய்தித்தாளிலோ, பழைய நோட்டு அட்டையிலோ ஒரு மாதிரி செய்து பாருங்கள். இந்தக் கலையில் தேர்ந்தவர்களும் வெள்ளைத் தாளில் மாதிரிக்கு மேல் மாதிரி செய்து பார்த்த பிறகுதான் வண்ணத்துக்கே போகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்த அட்டை ஒரு மாதத்தில் கிழிந்துபோனால் வருத்தப்படாதீர்கள். அத்தனை தடவை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கசங்காமல் புதிதாகவே இருக்கும் அட்டையைவிட, நாக்கு நைந்துபோன அட்டைக்குத்தான் மகிழ்ச்சி அதிகம் கிடைத்திருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒருவரை மனதில் நினைத்துக்கொண்டு, ஒரே ஓர் அட்டை செய்யுங்கள். கொடுக்கும்போது எதுவும் சொல்லாதீர்கள். அவர் விரல் தானாக நாக்கைத் தேடிப் போகும். அந்த நேரம் அட்டையைப் பார்க்காதீர்கள். அவர் முகத்தைப் பாருங்கள்!

அடுத்த வாரம் சந்திப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்