இரத்தம் எவருடையது? ஏடு எவர் கையில்?

கொடுத்தது இரத்தம். கொடுத்த காரணம், மூட்டுவாதத்தின் மூலத்தைக் கண்டறிய. நடந்ததோ வேறு!

கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவு. அங்கே வாழ்பவர்கள் நூ-சா-நுல்த் மக்கள். வெள்ளையர் கால் வைக்கும் முன்பே அம்மண்ணுக்கு உரியவர்களான முதற்குடிகளில் ஒரு பிரிவினர். 1980களில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவர் அவர்களிடம் வந்தார். அவரை நம்பி 883 பேர் கையை நீட்டினர். மூட்டுவாதத்தின் மூலம் தெரிந்ததா? இல்லை. இரத்தமாவது திரும்பி வந்ததா? அதுவும் இல்லை! ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் யூட்டாவுக்குச் சென்றார், இரத்தமும் சென்றது. பிறகு ஆக்ஸ்போர்டுக்குச் சென்றார், அங்கும் சென்றது. அம்மக்களின் மூதாதையர் யார், எங்கிருந்து வந்தனர் என்ற ஆராய்ச்சிக்கு அது பயன்பட்டது. இதற்கு அவர்களின் சம்மதத்தைக் கேட்டார் உண்டா? இல்லை. 2004இல்தான் இரத்தம் ஊர் திரும்பியது.

"அறிவு வளரத்தானே செய்தார், இதில் என்ன குற்றம்?" என்று கேட்போர் உண்டு. சோறு சமைக்க அரிசி கொடுத்தவனிடம், "விற்றுவிட்டேன், நல்ல காரியத்துக்குத்தான்" என்று சொன்னால் ஒப்புவானா?

இன்னொரு கொடுமையும் உண்டு. 1994இல் கனடா தொடங்கிய பெரிய கணக்கெடுப்புகளில், 'ரிசர்வு' நிலங்களில் வாழும் முதற்குடியினர் சேர்க்கப்படவே இல்லை. எடுத்தால் கேளாமல் எடுப்பது; இல்லையேல் எண்ணாமலே விடுவது!

முதற்குடியினர் புலம்பிக்கொண்டு இருக்கவில்லை. 1997இல் தங்கள் உடல்நலக் கணக்கைத் தாங்களே எடுத்தனர். 1998இல் நான்கு நெறிகளை வகுத்தனர். விவரம் எங்கள் உடைமை. அதை ஆளும் அதிகாரம் எங்களுடையது. எங்களைப் பற்றிய விவரம் எங்கே இருந்தாலும் அதைப் பார்க்கும் உரிமை எங்களுக்கு உண்டு. ஏடும் எங்கள் கைவசமே இருக்கும். இந்நெறிகளைக் காக்க 2010இல் இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்தனர்: முதற்குடிகள் தகவல் ஆளுகை மையம்.

நான்காவது நெறி எதற்கு? கடன் வாங்கியவனைக் கேளுங்கள். கணக்கு இவனுடையதுதான், நோட்டோ வட்டிக்கடைக்காரன் பெட்டியில்! எழுதுவது அவன், திருத்துவது அவன். கைவசம் இல்லாத உரிமை காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

"இப்படிப் பூட்டி வைத்தால் மருத்துவம் எப்படி வளரும்?" என்கிறார்கள். அவர்கள் பூட்டி வைக்கவில்லை. சாவியைத் தங்கள் இடுப்பில் செருகிக்கொண்டார்கள், அவ்வளவே! விவரம் வேண்டும் ஆராய்ச்சியாளர் விண்ணப்பிக்க வேண்டும். எதற்கு என்று சொல்ல வேண்டும். ஒப்புதல் கிடைத்த பின்பே பெற முடியும். தனி மனிதன் கையெழுத்து மட்டும் போதாது. சமூகத்தின் சம்மதமும் தேவை. ஏனெனில் ஒருவன் இரத்தம் அவன் குலம் முழுவதையும் பற்றிப் பேசும்.

இலவச மருத்துவம் நடத்தும் நல்லோரும், நாடெங்கும் நோய் விவரம் திரட்டும் தொண்டு நிறுவனங்களும் நோட்டைத் திறக்குமுன் இந்த நான்கையும் எழுதி வைக்கட்டும். திரட்டிய பின் விதி தேடுவது, வெள்ளம் வந்த பின் கரை கட்டுவதாகும்.

தொண்டு செய்பவரை வணங்குவோம். வணங்கிக்கொண்டே கேட்போம்: ஐயா, எங்கள் ஏடு யார் கையில் இருக்கிறது?