காற்றுக்கு எதற்கு ஆன்டிபயாடிக்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறேன். 0.02 மில்லிமீட்டர் கூடினாலும் வெர்னியர் காட்டிக்கொடுத்துவிடும். என் நெற்றி முன்னால் தள்ளி வந்ததைத்தான் நான் கவனிக்கவில்லை. பட்டரவாக்கத்தில் முடி வெட்டும் தம்பிதான் கேட்டான்: "அண்ணே, புருவத்துக்கு மேல மேடா இருக்கே, அடி கிடி பட்டுச்சா?" ஹெல்மெட் ஏன் அந்த இடத்தில் மட்டும் அழுத்துகிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்கு முன் மூன்று வருடம் தலைவலி. போன இடத்திலெல்லாம் "சைனஸ்" என்றார்கள். ஆவி பிடித்தேன், நீர்க்கோர்வை மாத்திரையை உரசிப் பற்றுப் போட்டேன். ஆன்டிபயாடிக் எத்தனை கோர்ஸ் விழுங்கினேன் என்பதற்குக் கணக்கில்லை. எக்ஸ்ரே பார்த்த ஒருவர், "சளியே இல்லை, கறுப்பா சுத்தமா இருக்கு" என்று அனுப்பிவிட்டார். அந்தக் கறுப்புதான் வியாதி. அத்தனையும் காற்று.

சி.டி. ஸ்கேன்தான் விஷயத்தை உடைத்தது. நியூமோசைனஸ் டைலடன்ஸ், 1918-இல் பெஞ்சமின்ஸ் என்ற டாக்டர் வைத்த பெயராம். சைனஸ் அறை காற்றோடு எல்லை மீறி விரிந்து எலும்பைத் தள்ளும். உள்ளே சீழ் இருக்காது, சவ்வும் நன்றாகவே இருக்கும். ஏன் வருகிறது என்பதற்கு உறுதியான பதில் இல்லை. சைக்கிள் டியூப் வால்வு மாதிரி காற்று உள்ளே போய்த் திரும்பாமல் மாட்டிக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு அது சட்டென்று புரியும்.

மோதிரம் இறுகுகிறதா, செருப்பு சைஸ் ஏறியதா என்று டாக்டர் கேட்டார். பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு என்றாலும் நெற்றி புடைக்குமாம். கண் பரிசோதனைக்கும் அனுப்பினார். மூக்குக்கு வந்தவனுக்குக் கண் எதற்கு என்று எரிச்சலாக இருந்தது. மூக்குக்குப் பின்னால் உள்ள சைனஸ் இப்படி விரிந்தால் பார்வை நரம்பு பாதிக்கப்படலாம். சில சமயம் பக்கத்திலேயே மூளை உறைக் கட்டியும் ஒளிந்திருக்கலாம் என்று அவர் சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன்.

எண்டோஸ்கோப்பை மூக்கு வழியாக விட்டுக் காற்றுப் பாதையை அகலமாக்கினார்கள். தலைவலி குறைந்துவிட்டது. மேட்டை உள்ளே தள்ளி எலும்பைச் சீராக்குவது தனி ஆபரேஷன். நான் வேண்டாம் என்றுவிட்டேன். கல்யாணமாகாத பையன் அதைக் கேட்டால் 'வெறும் அழகுக்குத்தானே' என்று யாரும் ஏளனம் செய்யக் கூடாது. தொந்தரவே இல்லாதவர்களுக்குக் கத்தி வேண்டியதில்லை, கண்காணித்தால் போதும்.

எங்கள் பக்கத்து டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மறுபடி மறுபடி வரும் தலைவலிக்கு மாத்திரை எழுதும் முன் நெற்றியை ஒருதரம் தடவிப் பாருங்கள். நோயாளிகளே, நெற்றியை ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய போட்டோ ஒன்றை எடுத்துப் போங்கள். நான் கொண்டுபோனது என் கல்யாண போட்டோ.