போதிதர்மரும் நடுகல் வீரனும்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வரும் தகப்பனார் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற கராத்தே வகுப்புகளில், அடர்ந்த புருவமும் உருண்ட விழியுமாய்ச் சுவரில் வீற்றிருக்கும் பௌத்தத் துறவி போதிதர்மரை, 2011இல் ‘7ஆம் அறிவு’ திரைப்படம் வந்த பிறகு, காஞ்சியின் இளவரசர் என்று சந்தேகமின்றிச் சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். சீனத்து ஷாவோலின் பக்ஷத்தாரும் களரிப் பக்ஷத்தாரும் தத்தம் வித்தையே மூலம் என்று வாதாடுகையில் சாட்சிக்கு அழைப்பதும் அவரைத்தான். சரித்திரமோ வேறுவிதமாகப் பேசுகிறது. ஷாவோலின் மடம் 495 வாக்கில் எழுப்பப்பட்டது பாதுவோ என்ற மற்றோர் இந்தியத் துறவிக்காக. போதிதர்மரை, சீன நூலாசிரியர்களில் 547ஐ ஒட்டி எழுதிய யாங் சுவான்சி பாரசீகர் என்கிறார், தான்லின் தென்னிந்தியர் என்கிறார். இருவருமே அவர் மற்போர் கற்பித்ததாக ஓர் அக்ஷரமும் எழுதவில்லை. அந்தப் பெருமையை அவருக்குச் சூட்ட வழிவகுத்தது, ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1624 என்று தேதியிட்ட பின்னுரையோடு வெளிப்பட்ட ‘யீஜின் ஜிங்’ என்னும் தேகப்பயிற்சி நூல். அதன் புராதன முகவுரைகள் போலியென்று 1930களில் சீனத்து ஆராய்ச்சியாளர் தாங் ஹாவே காட்டிவிட்டார். (நம்மவர் காதில் அது இன்னும் விழவில்லை.) வீரத்துக்கு மெய்யான சாட்சி வேண்டுமென்றால் சீனம்வரை போக வேண்டியதில்லை: வீரனின் பெயரும், அவன் மீட்ட ஆநிரையும், மன்னனின் ஆட்சியாண்டும் வட்டெழுத்தில் பொறித்த நடுகற்கள் இந்தக் கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமையிலேயே ஏராளமாக நிற்கின்றன, ஆசிரியர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம், வழியில் போதிதர்மர் கதையையும் சொல்லலாம், கதையென்றே.