பச்சையை நீட்டினால் நெரிசல் குறையாது

ஒரு சந்திப்பில் வண்டிகள் தேங்க ஆரம்பித்தால் நம் ஊர்களில் முதலில் செய்வது, பச்சை விளக்கின் நேரத்தைக் கூட்டுவது. ஒரு பக்கம் கூட்டினால் அடுத்த பக்கம் சும்மா இருக்குமா? அங்கேயும் கூட்ட வேண்டியிருக்கும். இப்படியே ஒரு சுற்று இரண்டு நிமிடமாகி, மூன்று நிமிடமாகி, வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நிற்கிறோம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பச்சை விழுந்த உடனே வரிசை நகர்ந்துவிடாது. கிளம்புவதற்கே இரண்டு விநாடி போய்விடும். முடிவில் மஞ்சள். அப்புறம் நடுவில் மாட்டிக்கொண்ட வண்டிகள் வெளியேறுவதற்காக எல்லாப் பக்கமும் கொஞ்ச நேரம் சிவப்பு. ஒரு பக்கத்துக்கு 4 விநாடி வீண் என்று வைத்துக்கொள்ளுங்கள்; நாற்சந்தி என்றால் ஒரு சுற்றுக்கு 16 விநாடி. 60 விநாடிச் சுற்றில் மீதி 44, அதாவது நூற்றுக்கு 73 பங்கு நேரம் வண்டி ஓடும். சுற்றை 120 ஆக்கினால் 87 பங்கு. நல்ல லாபம்தான். 180 ஆக்கினால்? 91. கூட்டிய ஒரு நிமிடத்துக்குக் கிடைத்தது நாலே நாலு பங்கு. நேரத்தைச் சமமாகப் பிரிக்கும் சந்திப்பில் 90 விநாடி நின்றவர் அதற்காக இனி 135 விநாடி நிற்க வேண்டும்.

பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த எஃப்.வி. வெப்ஸ்டர் 1958லேயே இதைச் சூத்திரமாக எழுதிவிட்டார். வரும் வண்டிகளின் அளவையும் வீணாகும் விநாடிகளையும் போட்டால், காத்திருப்பு மிகக் குறைவாக இருக்கும் சுற்று நேரம் கிடைக்கும். நம் பொறியியல் கல்லூரிகளில் இன்றும் அது பாடம். அதே சூத்திரம் இன்னொன்றையும் சொல்கிறது: வரத்து சாலையின் கொள்ளளவைத் தொட்டுவிட்டால் எந்தச் சுற்று நேரமும் உதவாது.

நம் சாலையில் பைக்குகள் வேறு. கார்களுக்கு இடையில் புகுந்து முன்னால் வந்து வெள்ளைக்கோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். பச்சை விழுந்ததும் அந்தக் கூட்டம் ஒரே மூச்சில் கடந்துவிடும். நீளமான பச்சையின் கடைசிப் பகுதியை நின்று பாருங்கள்: பின்னாலிருந்து ஒன்றிரண்டாக வண்டிகள் வேகமெடுத்து வரும், நடுவே இடைவெளி விழும். குறுக்குச் சாலையில் நிற்பவர்களின் நேரம் அந்த இடைவெளியில்தான் கரைகிறது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, நடந்து கடப்பவர்களைப் பற்றியது. ஆறு வழிச் சாலையின் அகலம் சுமார் 21 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்துத்தான் வழக்கமாகக் கணக்குப் போடுகிறார்கள். அதன்படி பதினேழரை விநாடி வேண்டும். முழங்கால் வலியோடு மெதுவாக நடக்கும் ஒரு பாட்டிக்கு 26 விநாடிகூட ஆகும். பல சந்திப்புகளில் அவருக்கென்று நேரமே கிடையாது. இருக்கும் இடத்திலும் பாதிச் சாலை தாண்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. போதாததற்கு விநாடி எண்ணும் பலகை. அதில் 3 தெரியும்போதே பைக்குகள் சீறிக் கிளம்புகின்றன. அவர் அப்போதும் நடுச்சாலையில்தான் இருப்பார். சுற்று நீள நீள, ஓரத்தில் நிற்பவர்களின் பொறுமையும் போய், கிடைத்த சந்தில் கையைக் காட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அதை ஒழுங்கீனம் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை.

கோவையில் லாலி ரோடு போன்ற சந்திப்புகளில் சிக்னலையே எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யூ டர்னும் கொண்டுவந்தார்கள். வண்டிகளுக்கு நிற்கும் வேலை குறைந்தது; நல்ல முயற்சி. ஆனால் நிற்காமல் ஓடும் வண்டிகளுக்கு நடுவே பள்ளிக்கூடப் பிள்ளை எப்படிக் கடக்கும் என்பதற்கும் சேர்த்தே பதில் வேண்டும்.

வண்டிகளின் வரத்தைப் பார்த்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல்கள் வரத்தான் போகின்றன. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. போக்குவரத்துக் காவல் துறைக்கும் மாநகராட்சிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: உச்ச நேரம் முடிந்ததும் சுற்றைச் சுருக்குங்கள். நேரத்தைப் பிரிக்க உட்காரும்போது, நடந்து கடப்பவருக்கான விநாடிகளை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியை வண்டிகளுக்குப் பங்கிடுங்கள்.